சம்பளம் ஏறி இறங்கிய ஆண்டுகள் ஐம்பது வயது மூளையில் தெரியுமா?

கேள்வி இது: இருபதுகளிலும் முப்பதுகளிலும் வருமானம் பலமுறை சரிந்து மீண்ட ஒருவர், ஐம்பதை நெருங்கும் இந்த வேளையில் ஓரளவு நிலையாகச் சம்பாதிக்கிறார், அந்தப் பழைய ஆண்டுகள் அவருடைய நினைவையும் சிந்தனை வேகத்தையும் இப்போதும் பாதிக்கக்கூடுமா, அல்லது வசதி படைத்தவர்களின் மூளை நன்றாக இயங்குகிறது என்று ஆய்வுகள் சொல்வதெல்லாம் திறமை உள்ளவர்களே அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பதன் மறுபக்கம்தானா?

கேள்வியின் இரு பாதிகளிலும் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு என்பதில்தான் சிக்கல். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் இன்று என்ன சம்பாதிக்கிறார் என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு இந்த உறவை அளப்பவர்கள் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள். வருமானம் எத்தனை ஆண்டு தாழ்ந்தே கிடந்தது, எத்தனை முறை திடீரென்று விழுந்தது என்ற இரண்டும் நடுவயதின் அறிதிறனோடு தெளிவாகத் தொடர்புகொண்டிருக்கின்றன. ஆனால் அந்தத் தொடர்பு முழுவதையும் பணத்தின் விளைவு என்று எழுதிவிட முடியாது.

அறிதிறன் என்று இங்கே குறிப்பிடுவது மறதிநோயை அன்று. ஐம்பது வயதில் அது அரிது. கேட்ட சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லுதல், கண்ணால் கண்டதை விரைந்து புரிந்து செயலாற்றுதல், கவனத்தைச் சிதறவிடாமல் திட்டமிட்டு ஒரு வேலையை முடித்தல் ஆகிய அன்றாடத் திறன்களே நடுவயதில் அளக்கப்படுகின்றன. இவை தேயத் தொடங்குவது முதுமையில்தான் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. லண்டன் அரசு ஊழியர்களைப் பின்தொடரும் வைட்ஹால் இரண்டாம் ஆய்வு 2012இல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையை அசைத்தது: 45 முதல் 49 வயதுக்குள் இருந்தவர்களிடமே பத்தாண்டுகளில் பகுத்தறியும் திறன் 3.6 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே நாற்பதுகளில் ஒருவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பது எழுபதுகளுக்கான முன்னறிவிப்பாகவும் அமைகிறது.

இனி நான் மிகவும் சார்ந்து பேசப்போகும் ஆய்வுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1985, 1986ஆம் ஆண்டுகளில் பர்மிங்ஹாம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்ட் ஆகிய நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயது வரையிலான 5,115 இளைஞர்களைச் சேர்த்து ‘கார்டியா’ என்ற தொடராய்வு தொடங்கப்பட்டது. இதய நோய்க்கான காரணிகள் இளமையிலிருந்து எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்பதே அதன் நோக்கம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும்படி ஆட்களைத் தேர்ந்தார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றோடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அந்த நாளில் அது ஒரு துணைக்கேள்விதான். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2010இல், அதே ஆட்கள் சராசரியாக ஐம்பது வயதை எட்டியபோது அவர்களுடைய அறிதிறனைச் சோதித்தார்கள். இளமையிலேயே தொடங்கி, நடந்தபோதே பதிவான வருமானக் கணக்கும் நடுவயதில் எடுத்த மூளைச் சோதனையும் ஒரே ஆட்களுக்குக் கிடைப்பது அபூர்வம். ஐம்பது வயதுக்காரரிடம் உங்கள் இருபத்தெட்டாம் வயதில் என்ன சம்பாதித்தீர்கள் என்று கேட்டால் கிடைக்கும் பதிலை யார் நம்புவது?

2017இல் வெளிவந்த முதல் பகுப்பாய்வு 3,383 பேரை எடுத்துக்கொண்டது. அமெரிக்க அரசு வகுக்கும் வறுமைக்கோட்டைப் போல் இருமடங்கு என்பதை எல்லையாக வைத்து, 1985 முதல் 2010 வரை ஒவ்வொருவரும் எத்தனை முறை அந்த எல்லைக்குக் கீழே இருந்தார் என்று எண்ணினார்கள். ஒருமுறைகூடக் கீழே வராதவர்களோடு ஒப்பிட்டால், எப்போதும் கீழேயே இருந்தவர்கள் எண்–குறி மாற்றுச் சோதனையில் ஏறத்தாழ பதினொன்றரை மதிப்பெண் குறைவாக எடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி என்று மேலே அட்டவணை கொடுத்துவிட்டு, கீழே உள்ள எண்களுக்கு உரிய குறிகளைக் குறித்த நேரத்துக்குள் எழுதச் சொல்லும் எளிய சோதனை அது. அதிகபட்சம் 133 மதிப்பெண். பதினைந்து சொற்களைக் கேட்டு நினைவிலிருந்து திருப்பிச் சொல்லும் சோதனையில் அவர்கள் சராசரியாக ஒரு சொல்லுக்குச் சற்றே குறைவாகப் பின்தங்கினார்கள். சொற்சோதனையின் இடைவெளியைக் காட்டிலும் வேகச் சோதனையின் இடைவெளி மிகப் பெரிது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே சாயல் அடுத்த ஆய்விலும் வரும்.

அந்த அடுத்த ஆய்வுதான் கேட்டவரின் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது. 2019இல் வெளியான அதில், வருமானம் தாழ்ந்திருந்ததா என்று கேட்காமல், அது எவ்வளவு ஆடியது என்று கேட்டார்கள். 1990 முதல் 2010 வரையிலான இருபது ஆண்டுகளில், முந்தைய பதிவிலிருந்து கால்பங்கோ அதற்கு மேலோ குறைந்து, அவரவருடைய சொந்தச் சராசரிக்கும் கீழே போனால் அதை ஒரு வீழ்ச்சி என்று கணக்கிட்டார்கள். 3,287 பேரில் 1,780 பேருக்கு அப்படி ஒரு வீழ்ச்சியும் நேரவில்லை. 1,108 பேருக்கு ஒருமுறை நேர்ந்தது. 399 பேர் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தார்கள். கடைசிக் குழுவினர் அதே எண்–குறிச் சோதனையில், வீழ்ச்சியே காணாதவர்களைவிட 3.74 மதிப்பெண் குறைவாகப் பெற்றார்கள். திட்டமிட்டுச் செயல்படும் திறனைக் காட்டும் சோதனையிலும் பின்தங்கினார்கள். சொல் நினைவில் மட்டும் வேறுபாடு தென்படவில்லை. 707 பேருக்கு எம்.ஆர்.ஐ. படமும் எடுத்திருந்தார்கள். வருமானம் அதிகம் ஆடியவர்களின் மூளையில், பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்பொருளின் நுண்ணமைப்பு சற்றுச் சிதைந்திருந்தது. வெண்பொருள் நலிந்தால் முதலில் அடிவாங்குவது வேகம்தான். சோதனைத் தாளும் படமும் ஒரே திசையைக் காட்டுவதால், தனித்தனியாக இருப்பதைவிட இரண்டும் சேர்ந்து அதிக நம்பிக்கை தருகின்றன.

இங்கேதான் நிதானம் வேண்டும். 3.74 மதிப்பெண் என்பது 133இல் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. தெருவில் எதிரே வருபவர் அந்த அளவு பின்தங்கியிருக்கிறாரா என்று எந்த மருத்துவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான இடைவெளி இது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இதைவிடப் பலமடங்கு பெரியது. செய்தித்தாள்கள் இந்த ஆய்வை ‘சம்பள வெட்டு மூளையைச் சுருக்குகிறது’ என்ற பாணியில் எழுதினால் அதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது.

இனிக் கேள்வியின் இரண்டாம் பாதி. திறன் குறைந்தவர்களுக்குத்தானே வேலை அடிக்கடி போகும், சம்பளமும் தாழ்ந்திருக்கும்? கார்டியாவால் இதற்கு முழுப்பதில் தர இயலாது, ஏனென்றால் 1985இல் யாருடைய அறிதிறனையும் அது அளக்கவில்லை. ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2017 பகுப்பாய்வில் அதிகம் படித்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள், தொடர்பு அப்போதும் நின்றது. படிப்பு என்பது இளமைக்காலத் திறனுக்கு ஒரு கரடுமுரடான அடையாளம் என்ற அளவில் அது உதவுகிறது. அதற்கு மேல் போகவேண்டுமானால் குழந்தைப் பருவத்திலேயே அறிதிறனை அளந்து வைத்த ஆய்வு வேண்டும்.

அப்படிப்பட்டது பிரிட்டனில் இருக்கிறது. 1946 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்தவர்களிலிருந்து தேர்ந்த 5,362 பேரை அந்நாட்டினர் இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். எட்டு வயதிலேயே அவர்களுக்கு அறிதிறன் சோதனை நடந்தது. அவர்கள் 53 வயதை அடைந்தபோது பார்த்ததில், நடுவயதின் அறிதிறனை மிக வலுவாக முன்னறிவித்தது எட்டு வயதில் இருந்த திறன்தான். அதற்கு அடுத்தது படிப்பு. அதற்கும் அடுத்து, வளர்ந்தபின் செய்த தொழில். ஆகவே ‘திறனுள்ளவர்களே சம்பாதிக்கிறார்கள்’ என்பவர்களின் வாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே கணக்கில், எட்டு வயதுத் திறனைக் கழித்த பிறகும் படிப்பும் தொழிலும் தங்கள் சொந்தப் பங்கைத் தக்கவைத்துக்கொண்டன. பிறவியும் பால்யமும் எழுதிய கோட்டை வாழ்க்கையின் நடுப்பகுதி ஓரளவு மாற்றி எழுதுகிறது. அது வருமானமாக இல்லாமல் தொழிலாக அளக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலில் சம்பளமும் இருக்கிறது, மூளைக்கு அது தரும் வேலையும் இருக்கிறது, இரண்டையும் பிரிப்பது எளிதன்று.

வருமானம், அறிதிறன் இரண்டையும் ஒருசேரத் தாழ்த்தும் மூன்றாவது காரணம் ஒன்று பின்னால் ஒளிந்திருக்கவும் கூடும். ஈயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைத் தொடரும் ஆய்வில், ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்தில் பதினொரு வயதாக இருந்தவர்களின் இரத்தத்தில் ஈயத்தை அளந்தார்கள். அளவு அதிகமாக இருந்தவர்கள் 38 வயதில் நுண்ணறிவுச் சோதனையில் பின்தங்கியிருந்ததோடு, பெற்றோரைவிடத் தாழ்ந்த பொருளாதார நிலைக்கு இறங்கியும் இருந்தார்கள். அந்த ஊரில் ஈயம் ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் எல்லார் வீட்டிலும் படிந்திருந்தது என்பதால், இதை வறுமையின் நிழல் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கார்டியாவில் சேர்ந்தவர்கள் வளர்ந்ததும் ஈயப் பெட்ரோலின் காலத்தில்தான்.

சரி, வருமானம் உண்மையிலேயே மூளையைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், எந்த வழியாக? எனக்கு மிகவும் உறுதியாகத் தோன்றுவது இரத்தக்குழாய் வழி. அதே கார்டியாவில், இளமையிலிருந்து நடுவயது வரை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்ந்திருந்தவர்கள் ஐம்பது வயதின் அறிதிறன் சோதனைகளில் பின்தங்கினார்கள் என்று 2014இல் காட்டினார்கள். அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியது; வேலை போனால் சம்பளத்தோடு மருத்துவரும் மாத்திரையும் கைவிட்டுப் போகிற நாடு அது. வெண்பொருளுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் கட்டுக்கடங்காத அழுத்தத்தைப் பல ஆண்டுகள் தாங்கினால் எங்கே சேதம் தெரியுமோ, எம்.ஆர்.ஐ. படத்தில் அங்கேதான் தெரிந்தது.

மற்றொரு வழி நீடித்த மன அழுத்தம். இன்றைய வாடகை, நாளைய பள்ளிக் கட்டணம் என்று உடல் ஓயாமல் எச்சரிக்கை நிலையில் இருந்தால், கார்ட்டிசால் முதலிய சுரப்புகளின் ஒழுங்கு கெட்டு, நினைவுக்கு உரிய ஹிப்போகேம்பசையும் திட்டமிடலுக்கு உரிய முன்மூளைப் புறணியையும் அது தேய்க்கிறது என்பது நரம்பியலில் வேரூன்றிய கருத்து. நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2009இல் இதற்குச் சான்று தந்தது: குழந்தைப் பருவத்தில் அதிக காலம் வறுமையில் இருந்தவர்களின் செயல்நினைவு, அதாவது ஒரு வேலையின் நடுவே தகவலை மனத்தில் பிடித்துவைக்கும் திறன், பதினேழு வயதில் குறைந்திருந்தது, நீடித்த உடல் அழுத்தத்தின் அளவைக் கணக்கில் சேர்த்தவுடன் அந்தத் தொடர்பு பெரும்பாலும் விளக்கப்பட்டுவிட்டது. தூக்கமும் தனிமையும் வசிக்கும் தெருவின் காற்றும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

பணக்கவலை அந்தந்த நேரத்து மூளையை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்ற வேறொரு கேள்வியும் உண்டு; தமிழ் வாசகர்களுக்கு இது நெருக்கமானது, ஏனெனில் இதன் மிகப் புகழ்பெற்ற சான்று விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளிடமிருந்து வந்தது. 54 கிராமங்களில் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. கரும்புக்காரருக்கு ஆண்டில் ஒருமுறைதான் மொத்தமாகப் பணம் வரும். அது வருவதற்கு முந்தைய மாதங்கள் எப்படி ஓடும் என்பது நமக்குத் தெரியும். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்னர் அது நூற்றுக்கு 4 பேராகக் குறைந்தது. அதே ஆள், அதே மூளை. அறுவடைக்கு முன் படப்புதிர்ச் சோதனையிலும் கவனச் சோதனையிலும் தெளிவாகப் பின்தங்கினார். ஆலையின் அரைவைத் திறனைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் வெட்டும் மாதம் வேறுபட்டதால், பருவகாலத்தைக் காரணம் காட்டித் தள்ளுவதும் கடினமாக இருந்தது.

அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அதன்மீது பெரிய கட்டடம் எழுப்பமாட்டேன். 2016இல் அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தவர்கள் அறிதிறனில் வேறுபாடு எதையும் காணவில்லை. சிங்கப்பூரில் நெடுநாள் கடனில் சிக்கியிருந்த 196 பேரின் கடன்களை ஒரு தொண்டு நிறுவனம் அடைத்த பிறகு அவர்களுடைய சோதனைப் பிழைகள் குறைந்தன என்று 2019இல் வந்த ஆய்வு மறுபடியும் கரும்பு ஆய்வின் பக்கமே சாய்கிறது. சம்பள நாள் என்பது வாராவாரமோ மாதாமாதமோ வருவது. கரும்புப் பணமும் கடன் விடுதலையும் வாழ்க்கையையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுபவை. இந்த அளவு வேறுபாடே முரணுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியானாலும், பணம் வந்ததும் மறையும் இந்தத் தற்காலிகச் சுமையும், இருபது ஆண்டு கழித்து வெண்பொருளில் தெரியும் சேதமும் வெவ்வேறு. இரண்டையும் கலந்து பேசுவதுதான் இந்தத் துறையின் வழக்கமான குழப்பம்.

பணத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீராதா என்று கேட்கலாம். மெக்சிகோவின் யுகட்டான் மாநிலத்தில் எழுபது வயதைக் கடந்த ஏழைகளுக்கு மாத உதவித்தொகை கொடுத்து, கொடுக்காத ஊரோடு ஒப்பிட்டபோது, சில மாதங்களிலேயே நினைவுச் சோதனை மேம்பட்டது. சீனாவின் கிராமப்புற ஓய்வூதியத் திட்டத்தை ஆராய்ந்தவர்களோ ஒருமித்துப் பேசவில்லை: சிலர் அறிதிறன் மேம்பட்டது என்றார்கள், வேறு சிலர், ஓய்வூதியம் கிடைத்தவர்கள் வேலையையும் நாலு பேரோடு பழகுவதையும் குறைத்துக்கொண்டதால் அறிதிறன் விரைவாகத் தேய்ந்தது என்றார்கள். அமெரிக்காவில் 2018 முதல் ஆயிரம் ஏழைத் தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் கொடுத்துவந்த சோதனையில், குழந்தையின் ஒரு வயதில் மூளை அலைகளில் நம்பிக்கை தரும் அறிகுறி தெரிந்தது. நான்கு வயதில் வேறுபாடு காணப்படவில்லை. இருபத்தைந்து வயதுக்காரருக்குத் தொடர்ந்து நிலையான வருமானம் கொடுத்து ஐம்பது வயதில் மூளையைச் சோதிக்கும் பரிசோதனையை எவரும் நடத்தப்போவதில்லை. எனவே தொடராய்வுகளைக் கவனமாகப் படிப்பதே நமக்கு வாய்த்த வழி.

நடுவயதுக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதையும் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1936 முதல் 1941 வரை பிறந்த 2,879 பேரின் மணிக்கூலியை 1992 தொடங்கி 2004 வரை பார்த்து, அதன் பிறகு அவர்களுடைய நினைவு எப்படிக் குறைந்தது என்று கணக்கிட்டார்கள். தேசிய நடுநிலைக் கூலியில் (பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெறும் கூலி) மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு, பத்தாண்டுக்கு ஓராண்டு வீதம் கூடுதலாக மூளைக்கு வயதேறியது. இது 2022இல் வெளியானது. கூலி தாழ்ந்திருந்த ஆண்டுகளின் நீளமே இங்கும் பேசுகிறது.

நம் நாட்டில் இதே கணக்கைப் போட முடியுமா என்று சிலர் கேட்பார்கள். 45 வயதுக்கு மேற்பட்ட எழுபத்திரண்டாயிரத்துக்கும் அதிகமானோரை 2017–18இல் முதற்சுற்றில் சந்தித்த ‘லாசி’ தேசிய ஆய்வு நல்ல தொடக்கம். ஆனால் தினக்கூலி, சொந்த நிலம், பிள்ளைகள் அனுப்பும் பணம் என்று கலந்து வரும் வருமானத்தை அளப்பது கடினம் என்பதால், ஆய்வாளர்கள் பெரும்பாலும் குடும்பத்தின் செலவைத்தான் பயன்படுத்துகிறார்கள். செலவு என்பது அந்த ஆண்டின் படம், வாழ்நாளின் பாதை அன்று. பள்ளிக்கே போகாத ஒரு பெண்ணிடம் எண்–குறி மாற்றுச் சோதனையை நீட்டினால் அது அளப்பது மூளையின் வேகத்தையா, எழுதுகோல் பிடித்துப் பழகாத கையையா என்ற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்க எண்களை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேட்டவருக்கு நேராக: உங்கள் முப்பதுகளின் வீழ்ச்சிகள் உங்கள் மூளையில் தடம் பதித்தனவா என்று உங்களுக்கென்று தனியாகச் சொல்லிவிட எந்த ஆய்வாலும் முடியாது. பதித்திருந்தாலும் அதன் சராசரி அளவு சிறியது. அந்தத் தடம் பதியும் வழிகளில் மிகத் தெளிவாகத் தெரிந்தவை, அதாவது இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை ஆகியவை, ஐம்பதிலும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மறதிநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் பட்டியலிட்ட பதினான்கு மாற்றக்கூடிய காரணிகளில் பத்து நடுவயதுக்கு உரியவை. இந்த நான்கும் அந்தப் பத்தில் அடங்கும், எவரும் பொருட்படுத்தாத காதுகேளாமையும் அடங்கும். வேலையில்லாத ஆண்டுகளில் நீங்கள் நிறுத்திவிட்ட மாத்திரை ஏதேனும் இருந்து, அதை மீண்டும் தொடங்காமலே விட்டிருந்தால், முதலில் மருத்துவரிடம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.